பதிவெண் எதற்கு?

செந்துறை வட்டாரக் கிராமங்களிலிருந்து எம்மிடம் வருவோர் பலர், ஊரில் ஓர் ஊசி போட்டுக்கொண்ட பின்னரே வருகின்றனர். மருந்துச் சீட்டைக் கேட்டால், சில வேளை மருத்துவரின் பெயரோ பதிவெண்ணோ இல்லாத துண்டுத்தாளே கிடைக்கிறது. என்ன மருந்து செலுத்தப்பட்டது என்பதை நாங்கள் ஊகிக்க வேண்டியதாகிறது.

அலோபதி மருத்துவம் செய்வோர் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் போன்ற பதிவேட்டில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். பதிவின்றிச் செய்தால், 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி 1 ஆண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் இரசீதிலும் பதிவெண் இருக்க வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் நெறிமுறை விதிகள்.

பதிவு பெற்றவரே பின்னர் குற்றம் புரிந்தால்? ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்படுவது, அவ்விதிகளின்படி தொழில் ஒழுங்கீனமாகும். கவுன்சில் அவர் தரப்பையும் கேட்டு, சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம்.

வழக்குப் பதிவானதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடார். சிகிச்சை பலனளிக்காமற் போவதும் குற்றமன்று; மருத்துவரைக் குற்ற வழக்கில் தண்டிக்க மிகக் கடுமையான அலட்சியம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர்களாகிய நாங்கள் இதைச் சொல்வது எம் இனத்துக்குப் பரிந்துபேசுவதாகத் தோன்றலாம். ஆயினும் சட்டம் அதுவே.

முறையீடு இருப்பின் கவுன்சிலுக்கு எழுத்து மூலம் அனுப்புக. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பதும் விதியே. சீட்டையும் இரசீதையும் எறிந்துவிடாதீர்கள்.