கயிற்றைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

கொட்டகலையிலிருந்து நீங்கள் அனுப்பிய படக்கதை வரைவு கிடைத்தது. பால், முட்டை, இறைச்சி எதையும் தொடாத வீகன் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குப் படங்களால் அறிமுகப்படுத்த வேண்டும் என்ற உங்கள் ஆசை என் ஆசையும்தான். அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

உங்கள் படங்களில் ரூபி ராத்தின் சாயல் தெரிகிறது. அமெரிக்காவில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தவர் அவர். 2012இல் அவருடைய ‘வீகன் இஸ் லவ்’ என்ற படப்புத்தகம் வந்தபோது, பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார் என்று அங்கே பெரிய சர்ச்சை கிளம்பியது. அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. பெட்டியில் அடைத்த பாலை மட்டுமே கண்ட பிள்ளைக்கு மாட்டை யாராவது காட்டத்தானே வேண்டும்?

நம் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளையின் கதை வேறு. விடியற்காலையில் கொட்டிலில் கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அந்தப் பிள்ளைதான். நாலு வாய் ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் கன்றை இழுத்துத் தாயின் முன்னங்கால் பக்கம் கட்டுவார்கள். தாய் கன்றை நக்கியபடி நிற்கும், பால் வாளியில் விழும். காளைக்கன்று என்றால் சில மாதத்தில் விலைபோய்விடும். கோயில் திருவிழாவுக்கென்று வளர்த்த கிடாய் என்ன ஆனது என்பதும் பிள்ளைக்குத் தெரியும். இவ்வளவையும் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் புதிதாகக் காட்ட ஒன்றுமில்லை. பார்த்ததைப் பற்றிக் கேள்வி கேட்க இடம் கொடுங்கள்.

ஆகவே உங்கள் வரைவில் இரத்தம் காட்டும் பக்கத்தை எடுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்த கையை வரையுங்கள். கன்று மடியை நோக்கி முட்டும்போது கயிறு விறைக்கும், பிள்ளையின் முழங்கை முன்னால் இழுபடும். அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாசன் படம் வரைந்த ‘ஃபெர்டினாண்ட்’ என்ற படக்கதை 1936இல் வந்தது. அதில் வரும் காளை மரத்தடியில் உட்கார்ந்து பூ வாசம் பிடிக்கும், சண்டை போடாது. உபதேசமே இல்லாமல் அந்தக் காளை இன்றுவரை பிள்ளைகளின் மனதில் நிற்கிறது.

உபதேசம் நமக்குப் புதிதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் பாலபாடத்தில் கொலையையும் புலாலுண்ணலையும் பாவமென்று பாடமாக வைத்துவிட்டார். பிள்ளைகளின் புத்தகத்தில் இந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்ததற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் பாவம் என்று சொன்ன மாத்திரத்தில், கருவாட்டுக் குழம்பு வைக்கிற அம்மா பாவியாகிவிடுகிறாள். நாளெல்லாம் கொழுந்து பறித்து, பால் காசில் கொப்பி வாங்கித் தருகிறவள் அவள். அவள் பெற்ற பிள்ளையின் முன்னாலேயே அவளைக் குற்றவாளியாக்கும் புத்தகம் நமக்கு வேண்டாம். உங்கள் கதையில் சிடுசிடுவென்று வரும் அம்மாவைத் தயவுசெய்து மாற்றுங்கள். கன்றின் கழுத்து நோகாமல் முடிச்சுப் போடத் தெரிந்தவளும் அவள்தான்.

சாப்பாட்டுப் பக்கம் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. 2016ஆம் ஆண்டு சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 17.3 சதவீதம். தோட்டப்புறத்தில் அது 31.7. இப்படியான இடத்தில், முட்டையை ஒதுக்கு என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை முடிப்பது அநியாயம். நீங்கள் வரைந்திருக்கும் பாதாம் பால் எந்த லயத்து வீட்டில் இருக்கிறது? பருப்பு, கௌபி, கடலை, சோயா மீட், முருங்கைக்கீரை, தேங்காய்ப்பால் சொதி, ரொட்டியோடு மாசி போடாத சம்பல், இவற்றை ஆவி பறக்க வரையுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல் ஏற்கெனவே பல வீடுகளில் உண்டு. கதையை அந்த நாளில் தொடங்கினால் அம்மாவும் கூடவே வருவாள். பின்னட்டையில் பெற்றோருக்கு ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும்: விட்டமின் பி12 மரக்கறியிலோ தானியத்திலோ போதியளவு கிடைக்காது, அதை மாத்திரையாகவோ பி12 சேர்த்த உணவாகவோ கொடுக்க வேண்டும், பிள்ளையின் சாப்பாட்டை மாற்றுமுன் மருத்துவமாதுவிடமோ டாக்டரிடமோ கேட்க வேண்டும்.

திருத்திய பிரதியை அச்சுக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே. அங்கே படிக்கும் ஆசிரிய மாணவர்களிடம் கொடுத்து, பயிற்சிக்குப் போகும் வகுப்புகளில் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். கயிற்றுப் பக்கம் வந்ததும் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதி வாங்கி, படங்களோடு எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா