அரச தரவுப் பகுப்பாய்வாளரின் வாண்மை விருத்தி

மாணவர்களே, அரசாங்கத்தின் தீர்மானங்களுக்கு வேண்டிய கணிப்பீடுகளைத் தயாரிப்போர் பகுப்பாய்வாளர் ஆவர். பொருளியலாளர், புள்ளிவிபரவியலாளர், செயற்பாட்டு ஆய்வாளர், சமூக ஆய்வாளர் என்போர் இவர்களுள் அடங்குவர். பட்டம் பெற்றதுடன் இவர்களது கற்றல் முடிவடைவதில்லை. ஏன் என்பதைப் பின்வரும் நிகழ்வு விளக்கும்.

1. நிகழ்வு

பிரித்தானியாவின் மேற்குக் கரையோரப் பிரதான புகையிரதப் பாதையை நடத்தும் உரிமை 2012 ஆகஸ்டில் ஒரு கம்பனிக்கு வழங்கப்படுமென அறிவிக்கப்பட்டது. ஏற்கனவே சேவையை நடத்திய கம்பனி நீதிமன்றத்தை நாடியது. கணிப்பீட்டில் தவறு இருப்பது தெரியவரவே, 2012 ஒக்டோபர் 3 இல் அத்தீர்மானம் இரத்துச் செய்யப்பட்டது. விண்ணப்பித்த நான்கு கம்பனிகளுக்கும் சுமார் 40 மில்லியன் பவுண் திருப்பிச் செலுத்த நேரிடுமென அப்போது மதிப்பிடப்பட்டது. இது மக்களின் வரிப்பணமாகும்.

2. தவறு யாது?

கம்பனிகள் பிணையாக ஒதுக்க வேண்டிய கடன் தொகையைக் கணிக்க ஒரு விரிதாள் மாதிரி பயன்படுத்தப்பட்டது. அதன் விடை 2010 ஆம் ஆண்டின் நிலையான விலையில் அமைந்திருந்தது. அது நடைமுறை விலை எனக் கொள்ளப்பட்டமையால் தொகை குறைவாகக் கணிக்கப்பட்டது.

எடுத்துக்காட்டு: நிலையான விலையில் 100 மில்லியன், ஆண்டுப் பணவீக்கம் 3% எனின், 10 ஆண்டுகளின் பின் அதன் நடைமுறை விலைப் பெறுமதி சுமார் 134 மில்லியன் ஆகும். பணவீக்கத்தைச் சேர்க்க மறந்தால் 34 மில்லியன் விடுபடும்.

அம்மாதிரி வேறொரு நோக்கத்துக்காக உருவாக்கப்பட்டது என்பதையும், அதன் தரம் போதியளவு பரிசோதிக்கப்படவில்லை என்பதையும் கவனிக்குக.

3. பின்னர் செய்யப்பட்டவை

(அ) 2012 டிசெம்பரில் லெயிட்லோ விசாரணை அறிக்கை வெளியிடப்பட்டது.
(ஆ) 2013 மார்ச்சில் மக்பேர்சன் மீளாய்வு, எல்லாத் திணைக்களங்களினதும் மாதிரிகளைப் பற்றி அறிக்கையிட்டது.
(இ) 2015 மார்ச்சில் திறைசேரி ‘அக்குவா நூல்’ எனும் வழிகாட்டியை வெளியிட்டது. பகுப்பாய்வைக் கோருபவர், அதைச் செய்பவர், அதன் தரத்தை உறுதிப்படுத்துபவர் ஆகியோரின் பொறுப்புகளை இது வேறுபடுத்திக் காட்டுகிறது.

4. பகுப்பாய்வாளர் வளர்க்க வேண்டிய தேர்ச்சிகள்

• அலகையும் அடியாண்டையும் தெளிவாகக் குறித்தல்
• எடுகோள்களைப் பதிவு செய்தல்
• தன் வேலையை வேறொருவரைக் கொண்டு பரிசோதித்தல்
• நிச்சயமின்மையை மறைக்காது எடுத்துரைத்தல்

மாதிரி வினா: மேற்கூறிய தவறு தனியொருவரின் கவனயீனம் மாத்திரமா? ஆராய்க.

விடைக்குறிப்பு: “பயிற்சி போதாது” என மட்டும் எழுதினால் முழுப்புள்ளி கிடைக்காது. தவறு எவருக்கும் நேரலாம். அதைக் கண்டுபிடிக்கும் ஒழுங்குமுறை இல்லாமையே அதனைப் பேரிழப்பாக்கியது என்பதை நிகழ்வுடன் தொடர்புபடுத்தி எழுதுக.

கவனிக்க: பரீட்சை மண்டபத்தில் நீங்களும் ஒரு பகுப்பாய்வாளரே. விடைத்தாளைக் கையளிக்குமுன் அலகையும் அடியாண்டையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.