சோயாவும் நிலத்தின் கடனும்

விடுதிக் குழம்பில் மிதக்கும் மீல் மேக்கர் உருண்டையை அறியாத மாணவர் நம்மிடையே இலர். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சோயா மாவிலிருந்து வருவதே அது. ஒரு பொருள் விளைந்து, பதமாகி, நம்மை வந்து சேரும்வரை வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களின் மொத்த அளவை அதன் கார்பன் தடம் என்கிறோம். சோயாவின் தடம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதேன்? கடல் கடந்து வரும் தொலைவே காரணம் என்றுதான் நான் முதலில் எண்ணினேன். படித்துப் பார்த்தபோது அது பிழை எனத் தெரிந்தது.

நிலத்தின் வரலாறு

சோயாவின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஊட்டுகின்றன. ஆகவே யூரியா போன்ற உரங்கள் மிகக் குறைவாகவே வேண்டும். இவ்வளவில் பயிர்மீது குற்றமில்லை. வேறுபாடு பிறப்பது நிலத்தில்தான்.

பிரேசிலையே எடுத்துக்கொள்வோம். தெற்கே பரானா மாநிலத்தில் நெடுங்காலமாக உழப்பட்ட நிலங்கள் மிகுதி. வடக்கே செர்ராடோ சவன்னாவை அழித்துப் புதுவயல்கள் எழுந்தன. செர்ராடோவின் மரங்கள் குட்டையானவை; வேர்களோ மிக ஆழமானவை. எனவே அதைத் தலைகீழ்க் காடு என்பர். அதை அழித்தால் மரத்திலும் வேரிலும் மண்ணிலும் சேர்ந்திருந்த கார்பன் வெளியேறுகிறது. அமேசானில் புதிதாக அழித்த நிலத்தின் சோயாவை வாங்குவதில்லை என வணிகர்கள் 2006-இல் செய்த உடன்பாடு செர்ராடோவுக்குப் பொருந்தவில்லை.

ஆலையும் சாலையும்

சோயாவை உலர்த்தவும், ஹெக்சேன் கொண்டு பிரித்த எண்ணெயிலிருந்து அந்த ஹெக்சேனை நீக்கவும் வெப்பம் தேவை. கொதிகலனில் எரிவது நிலக்கரியா, இயற்கை வாயுவா, விறகா என்பதைப் பொறுத்துத் தடம் மாறும். அர்ஜெண்டினாவின் ரொசாரியோ பகுதியில் ஆற்றங்கரையிலேயே ஆலைகளும் துறைமுகங்களும் உள்ளன. பிரேசிலின் மாட்டோ குரோசோ சோயாவோ சான்டோஸ் துறைமுகத்தை அடைய ஏறத்தாழ 2,000 கி.மீ. செல்ல வேண்டும். ஒரே எடையை ஒரே தொலைவு கொண்டுசெல்லக் கப்பலைவிட லாரிக்குப் பன்மடங்கு எரிபொருள் தேவை.

யாருடைய பழி?

“பிரேசில் சோயா” என்று நாடு முழுமைக்கும் ஒரே சராசரி எண்ணைச் சூட்டினால், பரானாவின் பழைய உழவர் பிறர் பழியைச் சுமக்கிறார். செர்ராடோவை அழித்தவர் சராசரியின் நிழலில் ஒளிந்துகொள்கிறார். மேலும், நிலம் அழித்த கணக்கைப் பெரும்பாலும் 20 ஆண்டுகளுக்கே பரப்பி எழுதுகின்றனர். அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் புல்வெளிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே உழப்பட்டமையால் அக்கடன் இன்றைய ஏட்டில் இல்லை. முன்னே அழித்தவர் தூயவர், பின்னே அழித்தவர் மட்டும் குற்றவாளி என்பது முழு நீதியாகுமா?

ஆயினும் அழிந்ததை மீட்பதைவிட நிற்பதைக் காப்பது எளிது. சோயா எண்ணெயை இறக்குமதி செய்யும் நம் நாடும், எந்த நாட்டுச் சரக்கு என்பதோடு நில்லாமல், எந்த வட்டாரத்து வயலில் விளைந்தது என்றும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.