வீட்டு மின் பகிர்வுப் பெட்டியை மாற்றுதல்: வேலையின் அளவும் மதிப்பீடும்

நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டுகளிலும் அதற்கு முன்னரும் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில், மரப்பலகையின்மீது பொருத்திய பீங்கான் பியூஸ் கட்டைகள் இன்றும் வழக்கிலுள்ளன. சில விளக்குகளையும் விசிறிகளையும் கருதி அமைக்கப்பட்டவை அவை. அதே வீட்டில் இப்பொழுது குளிர்சாதனமும் கெய்சரும் இயங்குகின்றன. பியூஸ் அடிக்கடி போகவே, வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரை அழைத்து, புதிய பெட்டி வைக்க என்ன செலவாகும் என்று வினவுகிறார். வாயிலில் நின்றபடியே விடை கூறும் ஒப்பந்தக்காரர் பெட்டியின் விலையைக் கூறுகிறாரேயன்றி, வேலையின் விலையைக் கூறுகிறார் அல்லர்.

பியூஸும், அதனிடத்தில் வைக்கப்படும் எம்.சி.பி.யும் முதன்மையாகக் காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியையே. 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று 32 ஆம்பியர் எம்.சி.பி. பொருத்தினால் தொல்லை நீங்கியதுபோல் தோன்றும். ஆயினும் கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயருவதாகும். மின்னோட்டம் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்காகும். காப்புறை சுவருக்குள்ளேயே கருகத் தொடங்கும். அது வெளியே தெரியாது. ஆதலின் கம்பியின் பருமனை அறிந்த பின்னரே எம்.சி.பி.யின் அளவைத் தீர்மானித்தல் வேண்டும். குழாய்க்குள் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு 16 ஆம்பியர் என்பது பொதுவான வழக்கு. அதே பருமனுள்ள அலுமினியக் கம்பி அதனினும் குறைவான மின்னோட்டத்தையே தாங்கும்.

அடுத்து மின்பளுவைக் கணக்கிடுதல் வேண்டும். ஒரு வீட்டில் பத்து எல்.இ.டி. விளக்குகள் 90 வாட்டு, ஐந்து விசிறிகள் 375, தொலைக்காட்சி 100, குளிர்பெட்டி 200, மிக்ஸி 750, இஸ்திரிப் பெட்டி 1,000, நீரேற்றும் மோட்டார் 1,000, கெய்சர் 2,000, இரண்டு குளிர்சாதனங்கள் 3,400 வாட்டு என்று கொள்வோம். மொத்தம் 8,915 வாட்டு. 230 வோல்ட்டில் இது ஏறத்தாழ 39 ஆம்பியராகும். ஆனால் எல்லாம் ஒரே வேளையில் இயங்குவதில்லை. காலையில் கெய்சர், மோட்டார், மிக்ஸி, குளிர்பெட்டி, விசிறிகள், ஒரு குளிர்சாதனம் ஆகியவை சேர்ந்தால் 6,025 வாட்டு, அதாவது சுமார் 26 ஆம்பியர். மோட்டார்களின் திறன் காரணியைக் கருதினால் சற்றே மிகும். அனுமதிக்கப்பட்ட பளு 3 கிலோவாட்டாக இருப்பின், முதலில் மின் வினியோக நிறுவனத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். எந்தப் பளுவுக்கு மேல் மும்முனை இணைப்பு தேவை என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். முத்திரையிட்ட மீட்டரில் ஒப்பந்தக்காரர் கைவைத்தல் கூடாது.

பழைய வீடுகளில் பெரிதும் ஏமாற்றுவது புவித்தொடர்பு. முற்காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்திய வீடுகள் உண்டு. பின்னர் அக்குழாய்க்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாய் போடப்பட்டிருக்கும். பச்சைக் கம்பி மட்டும் ஒன்றுமறியாததுபோல் அங்கேயே தொங்கும். எர்த் தடையைக் கருவிகொண்டு அளந்து பார்த்தாலன்றி இது புலப்படாது.

இதனினும் வேலையாளின் நேரத்தை விழுங்குவது நியூட்ரல் கலப்பாகும். மனித உயிரைக் காக்கும் பொருட்டு வைக்கப்படும் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான், பேஸ் வழியே சென்ற மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பியதும் சமமாக உள்ளனவா என்று ஒப்பிடுகிறது. பழைய வயரிங்கில் மாடி விளக்குக்குக் கீழ்த்தளத்து நியூட்ரலை இணைத்திருப்பார்கள். பீங்கான் பியூஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. இரு தளங்களுக்கும் தனித்தனித் துண்டிப்பான் வைத்தவுடன், அவ்விளக்கைப் போடும்போதெல்லாம் துண்டிப்பு நேரும். புதிய கருவி பழுதென்று வீட்டுக்காரர் குறை கூறுவார். சில வேலையாட்கள் துண்டிப்பானையே கழற்றிவிட்டு நேரிணைப்புக் கொடுத்துச் செல்வார்கள். அதனால் இழக்கப்படுவது அவ்வீட்டாரின் உயிர்க்காப்பு. ஆதலின் நியூட்ரல்களைப் பிரித்தறியும் நேரத்தை மதிப்பீட்டிலேயே சேர்த்தல் வேண்டும். காப்புத்தடையையும் 500 வோல்ட் மெக்கர் கொண்டு, உணர்வுமிக்க மின்னணுக் கருவிகளைப் பிரித்த பின் அளத்தல் வேண்டும். அது 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அச்சுற்றின் கம்பியை மாற்றும் செலவு வேறாகும்.

இவ்வளவும் பார்த்த பின்னரே விலை எழுதத்தகும். பொருள்கள் 12,000 ரூபாய், கூலியும் சோதனையும் 8,000 ரூபாய் என்று உதாரணமாகக் கொள்வோம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலை ஆய்வு முறையில் ஒப்பந்தக்காரரின் இலாபத்துக்கும் மேற்செலவுக்கும் 15 சதவீதம் சேர்ப்பது வழக்கம். அவ்வாறே 3,000 சேர்த்தால் 23,000 ரூபாய் ஆகும். வரியையும் வினியோக நிறுவனத்தின் கட்டணத்தையும் தனியே காட்டுதல் நன்று. சுவருக்குள் குழாய் அடைபட்டிருப்பது போன்று முன்கூட்டிக் காண இயலாதவற்றை மொத்தத் தொகையில் மறைத்து வைத்தல் ஆகாது. கம்பி மாற்ற நேர்ந்தால் மீட்டருக்கு இவ்வளவு, புதிய எர்த் குழி தோண்ட நேர்ந்தால் இவ்வளவு என்று அலகு விலையாக எழுதி, வேலை தொடங்குமுன் வீட்டுக்காரரின் கையொப்பம் பெறுதல் வேண்டும். பிணக்குகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டு வரிகள் எழுதப்படாமையால் விளைபவை.

இவ்வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்றிதழ் உடையவரின் மேற்பார்வையில் செய்தல் விதியாகும். முடிந்தபின், எந்த எம்.சி.பி. எந்த அறைக்குரியது என்னும் அட்டவணையைப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி, எர்த் தடை, காப்புத்தடை ஆகியவற்றின் அளவுகளையும் தேதியையும் அதன்கீழ் எழுதி வைப்பர். துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை வீட்டாரே ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி செய்து, பிறகே இறுதிப் பட்டியலைக் கொடுப்பர்.