இந்த மாதப் பாடம்: ஆசைக்கும் ஒரு பாஸ்புக்



இந்தப் பாடத்தை வாரக் கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசியுங்கள். கடைசியில் உள்ள கேள்விகளை எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.

வில்லாபுரம், அவனியாபுரம், பெருங்குடி, வலையங்குளம் பக்கம் இருக்கும் நமக்கு விமானம் புதிதல்ல. மாடியில் துணி காயப்போடும்போதே தலைக்கு மேலே போவதைப் பார்க்கிறோம். மதுரை விமான நிலையத்தின் புதிய முனையம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2012-ல் இங்கிருந்து கொழும்புக்கே விமானம் விட்டார்கள். ஆனால் "உங்களில் எத்தனை பேர் ஏறியிருக்கிறீர்கள்?" என்று ஒரு கூட்டத்தில் நாங்கள் கேட்டபோது ஒரு கைகூட உயரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

கம்மலில் ஆரம்பித்த கதை

வில்லாபுரத்தில் நம் குழு உறுப்பினர் ஒருவர் வீட்டிலேயே அப்பளம் போடுகிறார். கணவருக்கு லோடு வேலை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய மகளுக்குப் போன ஆவணியில் பதினைந்து முடிந்தது. "அடுத்த பிறந்தநாளுக்குத் துணி வேணாம்மா, கேக்கும் வேணாம். ஒரே ஒரு தடவை ப்ளேன்ல போகணும்" என்று கேட்டுவிட்டது பிள்ளை.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்த வாரக் கூட்டத்திலேயே கடன் மனு வைத்தார். "கடன் குடுக்கலைன்னா கம்மலை அடகு வைக்கிறேன்" என்றும் சொன்னார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

"பொட்டப்பிள்ளைக்கு எதுக்குக்கா ப்ளேனு? அந்தக் காசுக்கு நகைச்சீட்டுப் போடலாம்ல?" என்றார் ஒருவர்.

"ஏன் மதினி, உங்க மகனுக்குத் தவணையில பைக் எடுத்தப்ப யாராச்சும் எதுக்குன்னு கேட்டோமா?" என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார்.

அன்று ஊக்குநர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "போறதா வேணாமாங்கிறது அவங்க வீட்டு முடிவு. எந்தக் காசுல போறதுங்கிறதுதான் குழு பேச வேண்டியது." அந்தக் கேள்விதான் இந்த மாதப் பாடம்.

மூன்று வழி, மூன்று கணக்கு

அம்மாவும் மகளும் போய்வர 12,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டு அன்றே பலகையில் கணக்குப் போட்டோம்.

வெளியில் 5 வட்டிக்கு வாங்கினால் மாதம் 600 ரூபாய் வட்டி. ஒரு வருடத்தில் வட்டி மட்டும் 7,200. அசல் 12,000 அப்படியே நிற்கும். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடுப்புச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. இருந்தும் அந்த வாசலில் நாம்தான் போய் நிற்கிறோம்.

குழுவில் 1 ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கி, மாதம் 1,000 வீதம் அசலைக் கட்டினால், வட்டி மாதாமாதம் குறைந்து வருடத்துக்கு மொத்தம் 780 ரூபாய். இது பரவாயில்லை. ஆனால் அந்த 12,000 ஒரு நாள் பயணத்துக்குப் போனால், அதே மாதம் ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ கேட்டு வரும் அக்காவுக்குக் கொடுக்கக் குழுவில் பணம் இருக்காது.

மூன்றாவது வழி, வாரம் 250 ரூபாய் விருப்பச் சேமிப்பு. 48 வாரத்தில் 12,000. வட்டி ஒரு பைசா இல்லை.

கூட்டம் தீர்மான நோட்டில் இப்படி எழுதியது: "தேவைக்குக் கடன், ஆசைக்குச் சேமிப்பு." மனு திரும்பப் பெறப்பட்டது. கம்மல் காதிலேயே இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மகள் சொன்னது, "கம்மலை வச்சுப் போற ப்ளேன் எனக்கும் வேணாம்மா. நானும் சேர்க்கிறேன்." அன்றிலிருந்து அந்தப் பாஸ்புக்கை எழுதியது மகள்தான். பள்ளி விட்டு வந்து அப்பளம் எண்ணிக் கட்டிக் கொடுத்து அம்மா வேலையைக் குறைத்தது. இரண்டு வாரம் தவறியது, காய்ச்சல் செலவு. அடுத்த மாதம் சேர்த்துக் கட்டினார்கள்.

டிக்கெட் விலை ஏன் ஏறி இறங்குகிறது?

பஸ் மாதிரி விமானத்துக்கு ஒரே கட்டணம் கிடையாது. ஒரே விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் நம்மைவிட இரண்டு மடங்கு கொடுத்திருக்கலாம். முதலில் விற்கும் சீட்டுகள் பொதுவாக மலிவு. சீட்டுக் குறையக் குறைய, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறையில் எகிறும்.

இந்த மலிவு டிக்கெட் முறையை நம் நாட்டில் பெரிதாகக் கொண்டுவந்தவர் கேப்டன் கோபிநாத். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கர்நாடகத்துக்காரர். 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கி, சலுகையாக ஒரு ரூபாய் டிக்கெட்கூட விற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் 2020-ல் 'சூரரைப் போற்று' படம் வந்தது. சினிமாவுக்காகக் கதாநாயகனை நம்ம சோழவந்தான்காரர் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கம்பெனி இன்று இல்லை. ஆனால் முன்கூட்டித் திட்டமிடுபவருக்கு மலிவு என்ற முறை நிலைத்துவிட்டது.

நம் உறுப்பினர் 40-வது வாரம், கையில் 10,000 சேர்ந்ததும், ஜூலை தொடக்கத்தில் டிக்கெட் போட்டார். பிறந்தநாள் அன்றே போக வேண்டும் என்று பிடிவாதம் இல்லை. அதை ஒட்டிய ஒரு சனிக்கிழமை விலை குறைவாக இருந்தது, அதையே எடுத்தார்கள். மழைக்காலமும் இல்லை, பரீட்சையும் இல்லை.

போக விமானம், வர ரயில்

செலவைப் பாதியாக்கியது இந்த யோசனைதான். மதுரையிலிருந்து சென்னைக்கு விமானம், அன்று இரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் திரும்புதல். லாட்ஜ் செலவு இல்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் (2024 நவம்பர் முதல்). எந்த நிலையத்தில் ஏற வேண்டும் என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் போட்ட திட்டம்:

விமான டிக்கெட் இரண்டு – 9,000
ரயில் இரண்டு – 900
மெட்ரோ, பஸ், சாப்பாடு – 1,100
கைக்காவல் – 1,000
மொத்தம் – 12,000

இது ஒரு எடுத்துக்காட்டுதான். உங்கள் தேதிக்கு என்ன விலை என்று நீங்கள் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். சில விமானக் கம்பெனிகள் மாணவர்களுக்குச் சலுகை தருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

டிக்கெட் போடும்போது கவனம்

1. ஆதாரில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். நமக்கு இருப்பது இனிஷியல். அவர்கள் கேட்பது முதல் பெயர், கடைசிப் பெயர். முதல் பெயரில் பிள்ளை பெயரையும், கடைசிப் பெயரில் இனிஷியலின் விரிவையும், அதாவது அப்பா பெயரையும், போடுங்கள். பிழை தெரிந்தால் அன்றே கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

2. விமானக் கம்பெனியின் சொந்தத் தளத்திலோ, தெரிந்த டிராவல்ஸிலோ மட்டும் போடுங்கள். போனில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' நம்பரெல்லாம் உண்மையில்லை. யார் கேட்டாலும் ஓடிபி, யுபிஐ ரகசிய எண் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

3. மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் திரும்ப வருவது கொஞ்சம்தான். முடிவு செய்த பிறகே பணம் கட்டுங்கள்.

4. ஜன்னல் சீட்டைத் தேர்வு செய்யத் தனிக் காசு கேட்பார்கள். எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

விமான நிலையத்தில்

இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வாசலில் காவலர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்ப்பார். பிள்ளைக்கும் ஆதார் அல்லது பள்ளி அடையாள அட்டை வேண்டும். வழியனுப்ப வருபவர்கள் வெளியிலேயே நிற்க வேண்டும்.

உள்ளே கம்பெனி கவுன்டரில் போர்டிங் பாஸ் வாங்க வேண்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். கையில் கொண்டுபோகும் பை பொதுவாக 7 கிலோ வரை. கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல், தீப்பெட்டி, லைட்டர், ஊறுகாய் கைப்பையில் வேண்டாம். இட்லி, சப்பாத்தி கொண்டுபோகலாம்.

பாதுகாப்புச் சோதனையில் பெண்களைப் பெண் காவலர்தான் மறைப்புக்குள் வைத்துப் பார்ப்பார். கொலுசு, மெட்டிக்குக் கருவி சத்தம் போட்டால் பதற வேண்டாம்.

மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். மிட்டாய் சப்பினால், எச்சில் விழுங்கினால் சரியாகும். பெல்ட் போடத் தெரியவில்லை என்றால் பணிப்பெண்ணிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன? எல்லோரும் ஒருநாள் முதல் தடவை ஏறியவர்கள்தான்.

உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். மதுரை–சென்னை போன்ற குறுகிய தூர விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் கம்பெனி சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும். அவர்களே ரத்து செய்தால் வேறு விமானமோ பணமோ கேட்கலாம்.

அந்தச் சனிக்கிழமை

விடியற்காலை அப்பாவும் ஆட்டோவில் கூடவே வந்தார். "ரயில்ல போனா ஆகாதா?" என்று வருடம் முழுக்கக் கேட்டவர் அவர். வாசலில் தடுத்ததும், வெளியே ரோட்டோரம் நின்று விமானம் மேலே போகும்வரை பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாராம்.

மேலேயிருந்து கண்மாய்கள் தட்டுத் தட்டாகத் தெரிந்தன என்று அம்மா சொன்னார். "நம்ம வீடு எங்கடின்னு தேடினேன், தெரியலை." மகள் பார்த்தது வேறு. விமானத்துக்குள்ளும் விமான நிலையத்திலும் எத்தனை பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே போயிருக்கிறது.

சரளா தக்ரால் 1936-ல், 21 வயதில், தனியாக விமானம் ஓட்டிய முதல் இந்தியப் பெண் என்று பெயர் எடுத்தார். இன்று நம் நாட்டு விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலக அளவில் இது மிக அதிகம். விமானி ஆக நிறையப் பணம் வேண்டும், உண்மை. ஆனால் கவுன்டர், பாதுகாப்பு, பராமரிப்பு, சரக்கு என்று விமான நிலையத்தில் எத்தனையோ வேலைகள் உண்டு. கண்ணால் பார்த்தால்தானே பிள்ளை கேட்கும்?

சென்னையில் விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி எழும்பூர் போனார்கள். 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்தார்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). இரவு ரயில், ஞாயிறு காலை வீடு. செலவு போக மீதி 740 ரூபாய். அதை மகள் அடுத்த கூட்டத்தில் கொண்டுவந்து அதே பாஸ்புக்கில் வரவு வைத்தது. இந்தத் தடவை பாஸ்புக்கில் எழுதியது "கல்லூரிக் கட்டணம்".

எல்லோரும் விமானத்தில் போக வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. உங்கள் பிள்ளைக்குக் கடல் பார்க்க ஆசை இருக்கலாம், உங்களுக்கே ஒரு தையல் மிஷின் ஆசை இருக்கலாம். ஆசைப்படுவது தப்பில்லை. அதற்கு வட்டி கட்டுவதுதான் தப்பு.

கூட்டத்தில் பேச:

1. போன வருடம் நம் குழுவில் ஆசைக்காக வாங்கிய கடன் எவ்வளவு? தேவைக்கு வாங்கியது எவ்வளவு?
2. மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் நம் வீட்டில் உண்டா?
3. வாரம் 50 ரூபாய் சேர்த்தால் 48 வாரத்தில் எவ்வளவு? அதில் எந்த ஆசை நிறைவேறும்?
4. விருப்பச் சேமிப்புக்குத் தனிப் பாஸ்புக் போட நம் குழு தீர்மானம் எழுதுமா?

தீர்மானம் எழுதிய குழுக்கள் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த இதழில் எல்லோருக்கும் சொல்வோம்.