குளிரை எண்ணும் மொட்டு

இமாசலப் பிரதேசத்தில், சிம்லாவுக்கு அப்பால் கோட்கட் என்னும் மலையூர் உள்ளது. அமெரிக்காவில் பிறந்து இந்தியாவையே தாய்நாடாக ஏற்ற சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916ஆம் ஆண்டில் தம் நாட்டு ஆப்பிள் கன்றுகளை அங்கே நட்டார். பின்னாளில் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவரும் அவரே. அந்தச் சிவந்த இனிப்பு ஆப்பிள்கள் மலைமக்களின் வாழ்வையே மாற்றின.

ஆப்பிளை விதையிலிருந்து வளர்த்தால் தாய்மரத்தின் சுவை கிடைப்பதில்லை. எனவே உழவர்கள் நல்ல மரத்தின் கிளைத்துண்டை வேறொரு வேர்க்கன்றில் ஒட்டுக் கட்டுகின்றனர். இவ்வாறு வந்த ஓரின மரங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டவை. ஆயினும் மலைமேல் வளரும் மரம் வசந்தத்தில் பூத்துக் குலுங்க, பள்ளத்தாக்கில் உள்ள அதன் உடன்பிறப்போ அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கிறது. மரபணு ஒன்றாயிருக்க, நடத்தை வேறாவது ஏன்?

காரணம் குளிர்காலத்தில் உள்ளது. இலையுதிர்காலத்தில் மொட்டுகள் உறங்கத் தொடங்குகின்றன. இடையே நான்கு நாள் வெயில் அடித்ததும் அவை விழித்துவிட்டால், அடுத்து வரும் உறைபனி இளந்தளிரைக் கருக்கிவிடும். ஆகவே போதிய குளிரைக் கடந்த பின்னரே மொட்டு விழிக்கிறது. பழைய சிவப்பு இனங்களுக்கு ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்கும் குறைவான குளிர் 1000 மணி நேரமேனும் தேவை. மூளையில்லாத மொட்டு அதை எவ்வாறு எண்ணுகிறது?

டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை, ஹிஸ்டோன் எனப்படும் புரதங்களைச் சுற்றிச் சுருண்டிருக்கிறது. மொட்டை உறங்கவைக்கும் மரபணுக்கள் சில உண்டு. குளிர் நீள நீள, அம்மரபணுக்கள் இருக்குமிடத்துப் புரதங்களில் வேதிக்குறிகள் சேர்கின்றன. மரபணுக்கள் சிறிது சிறிதாக அடங்குகின்றன. ஆப்பிளின் உறவான பீச் மரத்தில் இது தெளிவாகக் காணப்பட்டுள்ளது. நூலின் ஓர் எழுத்தும் மாறவில்லை. சில பக்கங்கள் மட்டும் ஒட்டப்பட்டுவிட்டன எனலாம். எழுத்து மாறாமல் வாசிப்பு மாறும் இவ்வியல்பை ஆராயும் துறையே மேல்மரபியல். அடுத்த ஆண்டு அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

எல்லா நினைவும் இவ்வாறு ஆண்டுதோறும் அழிவதில்லை. நார்வே நாட்டின் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தில், விதை உருவாகும்போது நிலவும் வெப்பம் கன்றுகளிடமும் தங்குகிறது. வெப்பமான சூழலில் உருவான விதையின் கன்று, இலையுதிர்காலத்தில் தாமதமாகவே மொட்டை மூடுகிறது. பல ஆண்டுகள் அப்படியே நடந்துகொள்கிறது. இடம்பெயர இயலாத மரத்திற்கு இது பெருந்துணை. ஆனால் நட்ட இடத்தில் உறைபனி முந்திக்கொண்டால் அதுவே கேடாகிறது. தாவரம் எதற்கும் பழகிக்கொள்ளும் என்று இதைக்கொண்டு முடிவு கட்டுவது தவறு.

இமாசலத்திலேயே அதற்குச் சான்று உண்டு. குளிர்காலம் வெதுவெதுப்பாகும்போது மொட்டின் கணக்கு நிறைவதில்லை. குல்லுப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் உழவர் பலர் ஆப்பிளைக் கைவிட்டு மாதுளை நட்டுள்ளனர். ஆப்பிள் தோட்டங்களோ கின்னோர், லாகுல்-ஸ்பிதி என மேலேறிச் செல்கின்றன. குறைந்த குளிரே போதுமான புதிய இனங்களும் உள்ளன. எனினும் ஒட்டுக்கன்று நன்கு காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை, பழமரத்தையே நம்பிய குடும்பம் மரங்களுக்கிடையே பட்டாணியோ தக்காளியோ பயிரிட்டுக் காலத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது.

பயிற்சி

1. ஒரே மரபணு கொண்ட இரு மரங்கள் வெவ்வேறாகப் பூப்பது ஏன்?
2. ‘பக்கங்கள் ஒட்டப்பட்டுவிட்டன’ என்னும் உவமை எதைக் குறிக்கிறது?
3. நீவிர் வாழும் ஊரில் முன்பு விளைந்து இப்போது குறைந்துபோன பயிர் எது? அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.