தொலைபேசிக் கம்பிவழியே அலுவலகக் கோப்புகள்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியின் பட்டறிவு

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் அமைத்த ஆலையிலிருந்து 1998-ஆம் ஆண்டில் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்த காலத்தில், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்கூடங்களின் உட்புறமும் வெளிப்புறமும் தரவுப் போக்குவரத்தைப் பொறுத்தவரை இரு வேறு உலகங்களாக இருந்தன. மதிலுக்குள் கணினிகளைப் பிணைத்த உள்வலை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இயங்க, வரைபடங்களும் கொள்முதல் பட்டியல்களும் தர ஆய்வு அறிக்கைகளும் சர்வர் எனப்படும் பொதுக் கணினி ஒன்றில் சேமிக்கப்பட்டு, எல்லா மேசைகளிலிருந்தும் ஒருங்கே திறக்கப்பட்டன. மதிலுக்கு வெளியே, சென்னையில் குடியிருந்த பொறியாளருக்கும், அம்பத்தூரிலோ கிண்டியிலோ உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைக்கும், அதே கோப்பை எட்டக் கிடைத்த வழி பெரும்பாலும் சாதாரணத் தொலைபேசிக் கம்பியும் மோடமும்தான். கணினியின் எண்முறைக் குறிகளைத் தொலைபேசியில் செல்லத்தக்க ஒலியாகவும், அந்த ஒலியை மீண்டும் குறிகளாகவும் மாற்றும் கருவியே மோடம். தனிக்குத்தகைக் கம்பியும் செயற்கைக்கோள் இணைப்பும் பெரிய நிறுவனங்களின் வசதிக்கு உட்பட்டவை.

இவ்வழியில் இரு முறைகள் இருந்தன. முதலாவது, அலுவலகத்துச் சர்வரோடு பிணைத்த மோடத்தின் எண்ணை நேரடியாக அழைப்பது; விண்டோஸ் என்.டி. 4.0 பதிப்பில் தொலையணுகல் சேவை என்ற பெயரில் இதற்கான மென்பொருள் உடன் வந்தது. இரண்டாவது, அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்குத் திறந்த இணையச் சேவையிலோ, 1998 இறுதியில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வந்த சத்யம் ஆன்லைன் போன்ற தனியார் சேவையிலோ நுழைந்து, அங்கிருந்து வி.பி.என். எனப்படும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை வழியாக அலுவலகத்தை அடைவது. இரண்டில் எது வேகமானது என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் இருந்தது. 56 கிலோபிட் மோடத்தை இரு முனையிலும் வாங்கி வைத்தால் அந்த வேகம் கிட்டும் என்று நம்பப்பட்டது. ஆனால் அந்த வேகத்தை வரையறுத்த வி.90 தரம், ஒரு முனையாவது தொலைபேசி நிலையத்தோடு எண்முறையிலேயே இணைந்திருக்க வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. இணையச் சேவை நிறுவனத்திடம் அத்தகைய இணைப்பு உண்டு, சாதாரணக் கம்பியில் தொங்கும் அலுவலக மோடத்திடம் கிடையாது. ஆதலால் நேரடி அழைப்பில் 33.6 கிலோபிட்டுக்கு மேல் எத்தனை விலை கொடுத்த மோடத்தாலும் ஏற முடியவில்லை.

அந்த 33.6 கூட நல்ல கம்பியில் மட்டுமே வாய்த்தது. வடகிழக்குப் பருவமழையில் கம்பத்து இணைப்புகளில் ஈரம் புகுந்தால் மோடங்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேச்சில் லேசான இரைச்சலாகக் கேட்பது தரவில் பாதி வேக இழப்பாகக்கூட வெளிப்படலாம். காத்திருப்பு அழைப்பு வசதியின் ஒரு சிறு ஒலியும், அதே கம்பியில் இணையாகப் பொருத்திய இன்னொரு கருவியை யாரேனும் எடுப்பதும் இணைப்பை அறுத்துவிடும் என்பதால், மோடத்துக்கென்று தனிக் கம்பி ஒதுக்குவது செலவாகத் தோன்றினாலும் சிக்கனமே. அலுவலக இணைப்பகப் பலகையின் உள்எண்ணிலிருந்து அழைக்கையில் வெளிக்கம்பிக்கான எண்ணுக்குப் பின் ஒரு காற்புள்ளி இடுவது சுமார் இரண்டு நொடி இடைவெளியைத் தரும். அந்தப் பலகைகள் எழுப்பும் ஒலியை மோடம் டயல் ஒலியாக அறியாமல் 680 என்ற பிழை எண்ணைக் காட்டினால், ஒலிக்காகக் காத்திருக்கும் தேர்வை நீக்கிவிடுவதே தீர்வு. 678 மறுமுனை பதிலளிக்கவில்லை என்பதையும், 691 பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்பதையும் குறிப்பவை. இம்மூன்றை அறிந்தவருக்குப் பாதி நேரம் மிச்சமாகும்.

ஆனால் கம்பியைச் சீராக்கியதும் சிக்கல் தீர்ந்ததாகக் கருதியவர்கள் பலரும் அடுத்த படியில் தடுமாறினர், இக்கட்டுரை வற்புறுத்தவிருப்பதும் அதையே: மெதுவான இணைப்பில் சர்வரிலுள்ள கோப்பை நேரடியாகத் திறக்கக் கூடாது, முதலில் நகலெடுக்க வேண்டும். இதன் காரணம் கோப்பின் அளவு மட்டுமன்று. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை, உள்வலையின் மிகக் குறைந்த தாமதத்தை மனத்தில் கொண்டு உருவானது. அது ஒரு கோப்புறையைக் காட்டவும், உரிமையைச் சரிபார்க்கவும், கோப்பின் ஒரு பகுதியைப் படிக்கவும் தனித்தனியே கேள்வி அனுப்பி, விடை வந்த பின்னரே அடுத்ததைக் கேட்கும். மோடம் இணைப்பில் ஒரு கேள்வி போய் விடை திரும்ப ஐந்தில் ஒரு நொடி ஆகுமெனில், விரிதாள் ஒன்றைத் திறக்க 300 கேள்விகள் தேவைப்படும்போது, ஒரு பைட் தரவைக்கூடக் கணக்கில் கொள்ளாமலே ஒரு நிமிடம் போய்விடுகிறது. நகலெடுக்கையிலும் கேள்விகள் உண்டு, ஆயினும் ஒரே ஓட்டமாக நடந்து முடிந்துவிடுகின்றன. திறந்து வேலை செய்கையிலோ ஒவ்வொரு சேமிப்பிலும் அவை திரும்பத் திரும்ப எழுகின்றன. நடுவில் கம்பி அறுந்தால் நகல் மட்டுமே வீணாகும், மூலக் கோப்பு பிழைத்திருக்கும். பலர் ஒருங்கே எழுதும் மைக்ரோசாப்ட் ஆக்சஸ் தரவுத்தளங்களை மோடம்வழியே திறப்பது, கோப்பையே சிதைக்கக்கூடிய செயலாகும். அதைத் தவிர்ப்பதற்கு விதிவிலக்கே இல்லை.

ஒரு மெகாபைட் 33.6 கிலோபிட்டில் வர நான்கு நிமிடத்துக்கு மேலாகும் என்பதைக் கணக்கில் வைத்தால், அச்சு ஒன்றின் வரைபடம் ஐந்து மெகாபைட் இருக்கும்போது அதை அப்படியே இழுப்பதா, சுருக்கி எடுப்பதா, மாறிய தாளை மட்டும் தனியே பிரிப்பதா என்பது பணி தொடங்குமுன் எடுக்க வேண்டிய முடிவாகிறது. விரிதாள்கள் நன்றாகச் சுருங்கும், புகைப்படங்கள் சுருங்குவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும் மறுதொடக்க முறை கொண்ட ரோபோகாப்பி போன்ற கருவி, இடையில் அறுபடும் கம்பிக்கென்றே பிறந்தது எனலாம். வலையிலுள்ள கணினிகளின் பட்டியல் திரையில் விரியும்வரை காத்திராமல், சர்வரின் பெயரையும் பகிர்வின் பெயரையும் நேரே தட்டச்சு செய்வதாலும் பல நிமிடங்கள் மிச்சமாகின்றன. நகல் பெருகினால் எது புதியது என்ற குழப்பமும் பெருகும். ஆகவே கோப்பின் பெயரிலேயே திருத்த எண்ணும் தேதியும் இடம்பெற வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தர ஆய்வுப் பிரிவினர் வரைபடங்களுக்குக் காட்டும் அதே கண்டிப்புடன் விரிதாள்களுக்கும் பின்பற்றுவது இன்றியமையாதது.

கோப்பையே நகர்த்தாமல் பணியை மட்டும் நடத்தும் வழியும் உண்டு. நிரல் அலுவலகக் கணினியிலேயே இயங்க, அதன் திரை மட்டும் தொலைவிலிருப்பவருக்கு அனுப்பப்படும் டெர்மினல் சேவையை மைக்ரோசாப்ட் 1998-இல் என்.டி.க்கெனத் தனிப்பதிப்பாகவும், பின்னர் விண்டோஸ் 2000 சர்வரின் உறுப்பாகவும் அளித்தது. கணக்கு, இருப்பு, கொள்முதல் ஆகியவற்றுக்கு இது அக்காலத்தில் மிகவும் ஏற்ற வழியாக இருந்தது. திரை முழுதும் மாறிக்கொண்டே இருக்கும் வரைபடப் பணிக்கு இது ஒத்துவரவில்லை.

அலுவலகத்தில் எந்நேரமும் விழித்திருக்கும் மோடம், காவலர் இல்லாத பின்வாசலே ஆகும். தொடர்ச்சியான எண்களை இயந்திரத்தால் அழைத்து மோடங்களைத் தேடுவது அன்றே வழக்கத்தில் இருந்தது. என்.டி. தொலையணுகல் சேவையில் இருந்த மீளழைப்பு ஏற்பாட்டின்படி, பயனரை அடையாளம் கண்டபின் இணைப்பைத் துண்டித்து, முன்பே பதிந்த அவரது எண்ணுக்குச் சர்வரே அழைத்தது; திருடிய கடவுச்சொல் வேறொரு வீட்டிலிருந்து பயன்படாமல் போயிற்று, அழைப்புக் கட்டணத்தின் பெரும்பகுதியும் ஊழியரின் வீட்டுக் கணக்கில் ஏறவில்லை. பணியிலிருந்து விலகியவரின் கணக்கை அன்றே முடக்குவது இதற்கு இணையான தேவை.

ஒரகடத்தின் பெரிய ஆலைகள் இக்காலத்தைக் கடந்தே வந்தன. ரெனோ–நிசான் ஆலை 2010-இலும் டெய்ம்லர் சரக்குந்து ஆலை 2012-இலும் திறக்கப்பட்டபோது, 2004-ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை 256 கிலோபிட்டைக் குறைந்தபட்ச வேகமாக வகுத்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. எனினும் டயல் செய்யும் பழக்கம் அற்றுப்போகவில்லை: மடிக்கணினியில் செருகி, சி.டி.எம்.ஏ. கைபேசி வலைவழியே இணைந்த டேட்டா கார்டு, விண்டோஸின் அதே டயல்-அப் சாளரத்தில் #777 என்ற எண்ணையே அழைத்தது. அதன்மேல் பி.பி.டி.பி. வகை வி.பி.என். அமைத்தவர்கள், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கட்டத்தில் நின்று 721 என்ற பிழையைக் கண்டால், இடையிலுள்ள வலை ஜி.ஆர்.ஈ. எனும் தரவுப் பொதிகளைத் தடுக்கிறது என்று கொண்டு வேறு வகை வி.பி.என்.னுக்கு மாறுவதே பொருத்தம்.

விண்டோஸ் விஸ்டாவோடு வந்த எஸ்.எம்.பி. இரண்டாம் பதிப்பு, பல கேள்விகளை ஒரே கட்டாக அனுப்பக் கற்றதால் தாமதத்தின் சுமை பெரிதும் குறைந்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இயங்கும், சி.என்.சி. எனப்படும் கணினிக் கட்டுப்பாட்டுப் பழைய இயந்திரங்கள் முதல் பதிப்பை மட்டுமே அறியும். அப்பதிப்பின் குறைபாட்டின்வழியே 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, ரெனோ, நிசான் நிறுவனங்களின் சில ஆலைகளில் உற்பத்தியை நிறுத்தச் செய்தது. எனவே அத்தகைய இயந்திரங்களை வி.பி.என். பயனர்களின் பார்வைக்கே வராத தனி வலையில் வைத்து, அவற்றின் நிரல்களை ஆலைக்குள்ளிருக்கும் புதிய சர்வர் ஒன்றில் நாள்தோறும் நகலெடுத்து, வெளியிலிருந்து வருபவருக்கு அந்தச் சர்வரை மட்டும் திறந்துவிட வேண்டும்.